பழைய தார் ரோட்டை அதே இடத்துலயே அரைச்சு திரும்பப் போடுறது: எங்க ரோட்டுக்கு எந்த முறை சரிவரும்?

கிழக்குக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஒரு மாநில நெடுஞ்சாலை வேலைல சைட் இன்ஜினியரா இருக்கேன், ரோடு நம்பர் ஊர் பேரெல்லாம் இங்க வேணாம்னு விடுறேன். ரெண்டு லேன், 7 மீட்டர் அகலம். நெல்லு லாரி, ஜல்லி லாரி, பஸ்ஸுன்னு ராத்திரி பகலா ஓடுது. பல வருஷமா மேல மேல ஓவர்லே (பழைய ரோடு மேலயே புது தார்) போட்டுப் போட்டு தார் கனம் மட்டுமே 120-லேருந்து 150 மி.மீ வரைக்கும் வந்து நிக்குது. லோடு வண்டி போற பக்கம் வெளி வீல் பாத் (சக்கரம் ஓடுற தடம்) முழுக்க அலிகேட்டர் கிராக் (முதலைத் தோல் மாதிரி விரிசல்), சில இடத்துல ரோடே உள்வாங்கி தண்ணி தேங்குது, பேட்ச் மேல பேட்ச்.

இன்னொரு ஓவர்லே போட்டு முடிச்சுடலாம்னு சுலபமா சொல்லிடலாம். ஆனா ரெண்டு பக்கமும் வீடு. வாசப்படி ஏற்கனவே ரோட்டுக்குக் கீழ போயிடுச்சு, இன்னும் ஏத்தினா ஐப்பசி மழைத்தண்ணி நேரா அடுப்படிக்குத்தான் போகும். 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு அவர்கள் பழைய ரோட்டை சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும், மட்டம் ஏறக்கூடாதுன்னு உத்தரவு போட்டதுலேருந்து ஜனங்களும் வந்து நின்னு கேக்குறாங்க, கேக்குறதும் நியாயம்தான். சரி மில்லிங் பண்ணி (மெஷின்ல சுரண்டி) எடுத்துட்டு புதுசா டிபிஎம் (மேல்தளத்துக்கு அடியில வர்ற தார்க்கலவை) போடலாம்னா இங்க கல் குவாரி கிடையாது, ஜல்லி புதுக்கோட்டை பக்கமிருந்து வரணும், அதை ஏத்திட்டு வர்ற லீடு காசே எஸ்டிமேட்டை எங்கயோ கொண்டுபோகுது.

இப்ப மூணு பேர் மூணு விதமா சொல்றாங்க. ஒருத்தர் மேல் 40, 50 மி.மீ-ஐ சூடாக்கி கிளறி அங்கயே திரும்பப் போடுற ஹாட் இன்-பிளேஸ் போதும்ங்கிறார். கன்சல்டன்ட் 100 மி.மீ ஆழத்துக்கு ஃபோம் பிட்டுமென் (பொங்க வச்ச தார்) வச்சு கோல்டு இன்-பிளேஸ் (சூடாக்காம அங்கயே அரைச்சுக் கலந்து போடுறது) பண்ணலாம்ங்கிறார். இன்னொருத்தர் அதெல்லாம் வேணாம், தார், அதுக்கு அடியில இருக்குற வெட்மிக்ஸ் (ஜல்லித் தளம்) எல்லாத்தையும் சேத்து 250, 300 மி.மீ அரைச்சு சிமெண்ட் போட்டு எஃப்டிஆர் (முழு ஆழத்துக்கும் ரீசைக்ளிங்) பண்ணுங்கன்னு அடிச்சு சொல்றார். மூணும் ரீசைக்ளிங்தான், ஆனா எது எங்க ரோட்டுக்கு? நேர்ல செஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, பிரசென்டேஷன் நிறைய பாத்துட்டேன்.

மில்லிங்டிரம் எழுதியது:

தம்பி, மெஷின் எதுங்கிற பேச்சை கொஞ்சம் தள்ளி வைங்க. ரோடு எந்த ஆழத்துல கெட்டுப்போயிருக்குன்னு யாராவது பாத்தாங்களா? உங்க பதிவுல கோர் (ரோட்டைத் துளைச்சு எடுக்குற உருளைத் துண்டு) பத்தி ஒரு வரி கூட இல்ல. மூணு முறையும் மூணு வேற ஆழத்துக்கு, அவ்வளவுதான் விஷயம், கெட்ட ஆழத்துக்கு மெஷின் போகலேன்னா நீங்க எவ்வளவு நல்லா போட்டாலும் அதே இடத்துல அதே விரிசல் வந்து நிக்கும்.

ஹாட் இன்-பிளேஸ்னா வரிசையா ஹீட்டர் வண்டி போய் மேல் தாரை இளக்கும், பின்னாடி பல்லு வச்சு கிளறி, வத்திப்போன பழைய பிட்டுமெனுக்கு உயிர் குடுக்க ரிஜுவனேட்டர் தெளிச்சு, தேவைன்னா கொஞ்சம் புது மிக்ஸும் சேத்து, உடனே பரப்பி ரோல் பண்ணிடுவாங்க. 20-லேருந்து 50 மி.மீ வரைக்கும்தான் அதோட வேலை. வெயில்ல காஞ்சு ஜல்லி உதிர்ற ரோடு, மேலாப்புல மட்டும் மயிர்க்கோடா விரிசல் விட்ட ரோடு, அடித்தளம் கல்லு மாதிரி இருக்குற ரோடு, இதுக்கெல்லாம் அருமையான முறை. உங்களுக்கு வெளி வீல் பாத்துல அலிகேட்டர், அதுவும் உள்வாங்குதுங்கிறீங்க. அது கீழருந்து மேல வர்ற நோய். இது போக ரெண்டு பக்கமும் வீடு, மரம், நடுவுல ஒரு பெட்ரோல் பங்க்கும் இருக்கும், அந்த ஹீட்டரை வச்சுக்கிட்டு அந்த இடத்தைத் தாண்டுறது தனி வேலை.

கோல்டு இன்-பிளேஸ், அதான் சிஐஆர், பொதுவா 75-லேருந்து 100 மி.மீ, நல்ல மெஷின் இருந்தா 125 கூட. இதுல தார் லேயருக்குள்ளயே வேலை முடியணும், அடியில கொஞ்சமாவது நல்ல தார் மிச்சம் இருக்கணும், ஏன்னா ரீசைக்ளர், பிட்டுமென் டேங்கர், தண்ணி டேங்கர் எல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு அந்த சுரண்டின ரோட்டு மேலதான் நிக்குது. அடி சொதசொதன்னு இருந்தா மெஷினே அமுங்கும், அப்புறம் ரோலர் ஓட்டினாலும் கம்பாக்‌ஷன் ஏறாது.

எஃப்டிஆர் தார், பேஸ் (அடித்தளம்) ரெண்டையும் சேத்து கலக்கி புது பேஸ் ஆக்குறது. அடிதான் கெட்டதுன்னா அதுதான் வழி. ஆனா ஒண்ணு, 300 மி.மீ இறங்கினா ரோட்டுக்கு அடியில என்ன புதைச்சு வச்சிருக்காங்கன்னு தெரியணும். குடிநீர் குழாய் குறுக்க போகும், அதுவும் ஊருக்குள்ள ரொம்ப மேலாக போட்டிருப்பாங்க, ஆப்டிகல் ஃபைபர் கேபிள் ஒண்ணு ரெண்டு எந்த வரைபடத்துலயும் இருக்காது. ஊர் பெரியவங்களையும் பஞ்சாயத்து தண்ணி திறந்துவிடுற ஆளையும் கூட்டிட்டு நடந்து போய் மார்க் பண்ணுங்க, ஆஃபீஸ் டிராயிங்கை மட்டும் நம்பாதீங்க.

முதல்ல இதைச் செய்யுங்க. விரிசல் மேலயே கோர் எடுங்க, விரிசல் இல்லாத இடத்துலயும் எடுங்க, வெளி வீல் பாத், ரெண்டு சக்கரத்துக்கு நடுவு, ரெண்டு லேன்லயும். கோர் எடுத்த ஓட்டைக்குள்ளயே டிசிபி (கம்பியை அடிச்சு இறக்கி அடி எவ்வளவு உறுதின்னு பாக்குற டெஸ்ட்) அடிச்சுப் பாருங்க. சில இடத்துல டெஸ்ட் பிட் தோண்டி வெட்மிக்ஸை கையில எடுத்துப் பாருங்க. எஃப்டபிள்யூடி (எடையைப் போட்டு ரோடு எவ்வளவு அமுங்குதுன்னு அளக்குற மெஷின்) கிடைச்சா ரொம்ப நல்லது. அந்த ரிசல்ட்டோட வாங்க, பேசுவோம்.

லேப்மேஜை எழுதியது:

மேல சொன்னதை அப்படியே ஏத்துக்கறேன். ஃபோம் பத்தி மட்டும் நான் கொஞ்சம் சேக்குறேன், ஏன்னா ஃபோம்னு சொன்னதும் ஏதோ மந்திரம் மாதிரி பேசுறாங்க, அதுல அளவு தப்பினா நஷ்டம் முழுக்க ரோட்டுக்குத்தான்.

160-லேருந்து 180 டிகிரி சூட்டுல இருக்குற பிட்டுமென்ல 2, 3 சதவீதம் தண்ணியை ஊசி போட்ட மாதிரி செலுத்தினா அது ஆவியாகி பிட்டுமென் பத்து மடங்கு, சில சமயம் அதுக்கும் மேல பொங்கும். அந்தப் பொங்கு நிக்கிறது சில நொடிதான். அந்த நொடிக்குள்ள ஈரமா, குளிர்ந்து கிடக்குற பழைய மெட்டீரியலோட கலந்தாகணும். எவ்வளவு மடங்கு பொங்குச்சு, பாதியா இறங்க எத்தனை நொடி ஆச்சு, இந்த ரெண்டையும் சைட்டுக்கு வர்ற ஒவ்வொரு டேங்கருக்கும் பாக்கணும். டேங்கர் ஆறிப்போய் வந்தா பொங்காது, பாலிமர் கலந்த பிட்டுமென்னும் சரியா பொங்காது. அதனால சாதாரண விஜி-10 மாதிரி இளக்கமான கிரேடுதான் எடுக்குறது. 1956-ல அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் சான்யி நீராவி வச்சு ஆரம்பிச்ச வேலை இது, அப்புறம் 60-கள் கடைசியில ஆஸ்திரேலியாவுல மொபில் கம்பெனி நீராவிக்குப் பதிலா பச்சைத்தண்ணியை உபயோகிச்சதுக்கப்புறம்தான் சைட்ல செய்யுற அளவுக்கு எளிசாச்சு.

ஃபோம் பெரிய ஜல்லியைப் போய் முழுசா போர்த்தாது. அது தேடிப் போறது பொடியை. 75 மைக்ரான் சல்லடைல இறங்குற பொடி மேல ஒட்டி, அந்தப் பசைதான் ஜல்லிகளை அங்கங்க புள்ளி புள்ளியா பிடிச்சு வைக்குது. மில்லிங் பண்ணி வர்ற ராப்ல (அரைச்சு எடுத்த பழைய தார்க்கலவைல) அந்தப் பொடி ரொம்பக் குறைச்சல், ஏன்னா பொடி எல்லாம் பழைய தாருக்குள்ள ஒட்டிக்கிட்டு கட்டி கட்டியா வரும். அதனால தார் லேயரை மட்டும் அரைச்சு ஃபோம் போடப்போறீங்கன்னா கிரஷர் டஸ்ட் சேக்க வேண்டியிருக்கும், அதை டிசைன்லயே போடணும். சைட்ல வந்து யோசிச்சா லேட்.

சிமெண்ட் 1 சதவீதம் போதும். நல்லா இறுகட்டும்னு 2, 3-னு ஏத்தினா அது ஃபோம் லேயராவே இருக்காது, விறைச்சுப்போய் வெடிக்கிற லேயரா மாறிடும். டிசைன்ல ஐடிஎஸ் (சாம்பிள் பிளக்காம தாங்குற வலிமை) பாருங்க, 100 மி.மீ மார்ஷல் சாம்பிள்ல காய்ஞ்ச நிலைல 225 கிலோபாஸ்கல், தண்ணில ஊறவச்சு 100 கிலோபாஸ்கல் குறையாம வரணும். உங்க ஊர் டெல்டா, அதனால ஊறவச்ச நம்பரைத்தான் நான் முதல்ல பாப்பேன். காய்ஞ்ச சாம்பிள் நல்லா வந்துச்சுன்னு சந்தோஷப்பட்டு நிறுத்திடாதீங்க.

ஃபோம் மெஷின் கிடைக்கலேன்னா எமல்ஷன் (தண்ணியோட கலந்து வர்ற பிட்டுமென்) வச்சும் இதே வேலை நடக்கும், எஸ்எஸ்-2 கிரேடு, 3-லேருந்து 4 சதவீதம் போட்டா நிக்கிற பிட்டுமென் 2 சதவீதத்துக்குப் பக்கம் வரும். ஐஆர்சி 37-ம் ஐஆர்சி 120-ம் (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட வழிகாட்டிகள்) ரெண்டையும் வச்சுப் படிச்சுப் பாருங்க.

பழையகான்ட்ராக்ட் எழுதியது:

எல்லாம் சரி, ஆனா என் மனசுல பட்டதைச் சொல்றேன். இது கிராமத்து ரோட்டுக்கு ஓகே. லோடு லாரி ஓடுற ஹைவேல பழைய குப்பையை அரைச்சு திரும்பப் போட்டா நிக்குமா? நாளைக்கு ரோடு போச்சுன்னா மெஷின்காரன் கிளம்பிப் போயிருப்பான், டிஃபெக்ட் லயபிலிட்டி (பழுதை நாமளே சரிபண்ணித் தர்ற பொறுப்பு) நம்ம தலைல. புது ஜல்லி, புது தார், கண்ணால பாத்து வாங்கினது, அதுல இருக்குற நிம்மதி இதுல இல்ல. நான் இதைக் கோவத்துல சொல்லல, நிஜமாவே பயந்து சொல்றேன்.

ரட்டிங்ஆராய்ச்சி எழுதியது:

அண்ணே உங்க பயம் நியாயம்தான், ஆனா கனரக வண்டி ஓடுற ரோட்டுல இது நிக்காதுங்கிறதுக்கு எதிரா நல்ல உதாரணம் இருக்கு. அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல ஐ-81-னு ஒரு இன்டர்ஸ்டேட், லாரி ரொம்ப அதிகமா ஓடுற ரோடு. 2011-ல ஸ்டான்டன் பக்கத்துல தெற்கு நோக்கிப் போற லேன்கள்ல கிட்டத்தட்ட 6 கிலோமீட்டரை மூணு விதமான ரீசைக்ளிங்கையும் ஒரே வேலைல சேத்து செஞ்சாங்க. எனக்கு அதுல பிடிச்சதே ரெண்டு லேனையும் ஒரே மாதிரி நடத்தலங்கிறதுதான். லாரி ஓடுற வலது லேன் அடிவரைக்கும் கெட்டிருந்துச்சு, அதனால தாரை மில்லிங் பண்ணி எடுத்துட்டு கீழ இருந்த பேஸையும் மண்ணையும் 12 அங்குலத்துக்கு சிமெண்ட்டும் சுண்ணாம்புச் சூளைப் பொடியும் போட்டு எஃப்டிஆர் பண்ணாங்க, எடுத்த தாரை பக்கத்துல ஒரு பிளாண்ட் போட்டு ஃபோம் கலந்து 6-லேருந்து 8 அங்குலம் திரும்ப விரிச்சாங்க, அதுக்கு மேல 4-லேருந்து 6 அங்குலம் புது ஹாட் மிக்ஸ். கார் ஓடுற இடது லேன் அவ்வளவு மோசமில்ல, அதுக்கு 5 அங்குலம் கோல்டு இன்-பிளேஸ், மேல 4 அங்குலம் புதுசு. பழைய மாதிரி தோண்டி எடுத்துப் போட்டிருந்தா ஆகியிருக்கும்னு அவங்க போட்ட மதிப்பைவிட செலவும் நாளும் நல்லாவே குறைஞ்சது.

அதுக்கு அடுத்த வருஷம், 2012-ல, அதே மாதிரி அடுக்குகளை அலபாமாவுல ஆபர்ன் பல்கலைக்கழகத்தோட டெஸ்ட் டிராக்ல மூணு துண்டா போட்டு லோடு ஏத்தின லாரியை சுத்தி சுத்தி ஓட விட்டாங்க. 80 கிலோநியூட்டன் ஆக்சில் கணக்குல 1 கோடி தடவை ஓடியும் விரிசல் இல்ல, ரட்டிங்கும் (சக்கரத் தடம் பள்ளமாகுறது) கொஞ்சம்தான். அதனால "கிராம ரோட்டுக்கு மட்டும்"ங்கிறது இப்ப சரியில்லண்ணே.

ஆனா உங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். அங்க ரீசைக்கிள் பண்ணின லேயரை யாரும் மேல்தளமா விடல. ஐஆர்சி 37-ம் 2018 பதிப்புல எமல்ஷன் இல்ல ஃபோம் போட்ட ராப் லேயருக்கு டிசைன் மாடுலஸ் (விறைப்பு அளவு) 800 மெகாபாஸ்கல்தான் எடுக்கச் சொல்லுது, விஜி-40 போட்ட புது டிபிஎம்முக்கு 35 டிகிரில 3000. அதனால 100 மி.மீ டிபிஎம்மை எடுத்துட்டு 100 மி.மீ சிஐஆர் போட்டா சமமாயிடும்னு யாராவது உங்ககிட்ட சொன்னா நம்பாதீங்க. அது ஒரு நல்ல பேஸ், அதுக்கு மேல என்ன வேணும்னு கணக்கு போட்டாகணும். ரோடு விழுந்ததா கேள்விப்படுற பல இடத்துல இந்தக் கணக்கைச் சுருக்கினதுதான் காரணமா இருக்கும்னு நான் நினைக்கிறேன்.

குப்பைன்னு சொன்னீங்க, அதுக்கும் ஒரு கணக்கு சொல்றேன். 7 மீட்டர் ரோட்டுல 100 மி.மீ எடுத்தா கிலோமீட்டருக்கு 700 கன மீட்டர், ஏறக்குறைய 1600 டன். அதுல நாலரை, அஞ்சு சதவீதம் பழைய பிட்டுமென், அதாவது 70 டன்னுக்கு மேல. அவ்வளவும் ஏற்கனவே குவாரில உடைச்சு, லாரில ஏத்தி, காசு குடுத்து வாங்கின பொருள். அதை அள்ளிட்டுப் போய் எங்கயோ கொட்டிட்டு அதே அளவு திரும்ப புதுக்கோட்டையிலேருந்து ஏத்திட்டு வர்றோம். ஏற்கனவே அந்த மலையெல்லாம் எப்படி ஆகிக்கிட்டிருக்குன்னு பாத்தவங்களுக்கு இது வலிக்கும்.

கிழக்குக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமா யாரும் சொன்னதில்ல. கோர் எடுத்து வந்துட்டேன், மேலதிகாரிகளும் ஒத்துக்கிட்டாங்க.

வெளி வீல் பாத்துல எடுத்த கோர் பெரும்பாலும் முழுசா வரல, அடில துண்டு துண்டா உதிர்ந்துதான் வந்துச்சு, விரிசல் அடியிலேருந்து மேல வரைக்கும் இருக்கு. ரெண்டு லேயருக்கு நடுவுல ஒட்டு விட்டுப்போய் தனித்தனியா கழண்டு வருது, நடுவுல ஈரம். டெஸ்ட் பிட்ல பாத்தா கெட்ட இடத்துல வெட்மிக்ஸுக்குள்ள கீழருந்து களிமண் ஏறி ஜல்லி எல்லாம் சேறு பூசின மாதிரி இருக்கு. ஆனா இது எல்லா இடத்துலயும் இல்ல. வெறுமையா வயல் நடுவுல போற பகுதியில, வாய்க்கால் ரோட்டை ஒட்டி ஓடுற இடத்துலதான் இப்படி. ஊருக்குள்ள போற பகுதிலயும் எதிர் லேன்லயும் கோர் அடி நல்லாவே இருக்கு, மேல் 60, 70 மி.மீ மட்டும்தான் விரிசல். டிசிபியும் அதையேதான் சொல்லுது.

அப்ப ரெண்டு வேற ரோடு ஒரே ரோட்டுக்குள்ள இருக்கு. ரெண்டுக்கும் ஒரே முறை போடலாமா, இல்ல பிரிக்கலாமா? பிரிச்சா மெஷின் ரெண்டு தடவை வரணும், அதுக்கு செலவு.

ஒன்ராறியோவாசி எழுதியது:

வணக்கம் தம்பி, நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில ஒன்ராறியோவில றோட்டு வேலையில இருக்கிறன். இங்க கோல்ட் இன்-பிளேஸ் கனகாலமா செய்யினம். ஆனா இங்கத்தை வருத்தம் வேற, உங்கட வருத்தம் வேற எண்டதை முதல்ல சொல்லிப்போட்டுத்தான் மிச்சம் சொல்ல வேணும். இங்க குளிருக்கு றோட்டு சுருங்கி குறுக்கால வெடிக்கும், அதுக்கு மேல ஓவர்லே போட்டா ரெண்டு மூண்டு குளிர்காலத்தில அதே வெடிப்பு மேல வந்திடும். அந்த வெடிப்பின்ரை தொடர்ச்சியை உடைக்கிறதுக்குத்தான் இங்க சிஐஆர் செய்யிறது, அடித்தளம் நல்லாத்தான் இருக்கும். உங்கட வாய்க்கால் பக்கத்துத் துண்டில அடியே பழுதாப் போச்சு, அதுக்கு சிஐஆர் செய்தா காசு தண்ணிக்குள்ள போடுறது தான்.

காயவிடுற விசயம் ஒண்டு சொல்லுறன், இது உங்களுக்கு உதவும். எமல்ஷனில செய்தா மேல் லேயர் போட முதல் 14 நாள் விட வேணும் எண்டுதான் இங்க வழமை, ஏனெண்டா உள்ளுக்கு இருக்கிற ஈரம் போக வேணும், ஈரத்தோட மூடினா பிறகு அது உள்ளயே இருந்து தாரைக் கழட்டும். 2003-ல பெர்த் பக்கம் 7-ஆம் இலக்க நெடுஞ்சாலையில முதல்முதலா ஃபோமில செய்து பாத்தவை, எமல்ஷன் துண்டையும் பக்கத்தில போட்டு ஒப்பிட்டவை. ஃபோமில 2 நாளிலயே மேல் லேயர் போடலாம் எண்டு வந்தது. மழை எந்த நேரம் வரும் எண்டு தெரியாத ஊருக்கு அந்த வித்தியாசம் பெரிய விசயம். வாகனத்தை உடனயே விடலாம், ஆனா திரும்புற இடங்களில, பஸ் தரிப்பில எல்லாம் மேல கல்லுக் கிளம்பும், மெல்லிசா எமல்ஷன் ஒரு தெளி தெளிச்சு விடுங்கோ.

மழை நாளில, இல்லாட்டி மழை வரும் எண்ட நாளில வேலையைத் துவங்காதேங்கோ. கொன்ராக்டர் அவசரப்படுத்துவார், அதுக்கு இடம் குடாதேங்கோ.

வாசப்படி எழுதியது:

நான் இன்ஜினியர் இல்லைங்க, இந்த மாதிரி ஒரு ரோட்டோரத்துல வீடு வச்சிருக்குறவ. எங்க வீட்டு வாசல்ல முன்னாடி மூணு படி ஏறிப் போவோம், இப்ப ரோட்டுலேருந்து ஒரு படி இறங்கி வர்றோம். மழைக்கு மணல் மூட்டை அடுக்குறோம். நீங்க பேசுறதுல பாதி புரியல, ஆனா ஒரே கேள்வி, இதெல்லாம் செஞ்சா ரோடு மட்டம் குறையுமா இல்ல மறுபடி ஏறுமா? அப்புறம் அந்த சிமெண்ட் தூசி வீட்டுக்குள்ள வருமே, எங்க மாமியாருக்கு ஆஸ்துமா.

மில்லிங்டிரம் எழுதியது:

அம்மா, நீங்க கேட்டதுதான் இங்க முக்கியமான கேள்வி. அரைச்சு திரும்பப் போடுறதுனால மட்டும் மட்டம் குறையாது, அரைச்ச பொருள் கொஞ்சம் உப்பும், அதுக்கு மேல புது லேயரும் வரும். குறையணும்னா ஆரம்பத்துலயே மேலேருந்து ஒரு 40, 50 மி.மீ சுரண்டி வெளிய எடுத்துட்டு மிச்சத்தை ரீசைக்கிள் பண்ணணும், ஊருக்குள்ள அப்படித்தான் செய்யணும். எடுத்ததை வீணாக்க வேணாம், ரோட்டோர ஷோல்டருக்கு, கிராம இணைப்பு ரோட்டுக்கு, பிளாண்ட்ல ஹாட் மிக்ஸுக்குன்னு போகும். வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி உங்க வாசல் மட்டத்தையும் ரோடு மட்டத்தையும் லெவல் எடுத்து எழுதி வைக்கச் சொல்லுங்க, அதைக் கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு. தூசிக்கு வழி, காத்து இல்லாத காலை நேரத்துல ஸ்பிரெடர் வண்டி வச்சு தரையை ஒட்டிப் போடுறது. மூட்டையை உடைச்சு கையால கொட்டி வாரிவிட்டா உங்க வீட்டுக்கும் கேடு, ரோட்டுக்கும் கேடு, ஒரு இடத்துல 8 சதவீதம் ஒரு இடத்துல 1 சதவீதம்னு விழும்.

கிழக்குக்கரை தம்பிக்கு: பிரிங்க. கண்ணை மூடிட்டு பிரிங்க. ஊருக்குள்ள போற பகுதியும் நல்ல லேனும் சிஐஆர். விரிசல் 60, 70 மி.மீ-ல நிக்குதுங்கிறீங்க, மேல கொஞ்சம் சுரண்டி எடுத்துட்டு மிச்ச விரிசல் ஆழத்தையும் தாண்டி ரீசைக்கிள் பண்ணுங்க, அடியில நல்ல தார் நிக்குது. குழாய் பயமும் இல்ல, அந்த ஆழத்துக்குப் போகவே மாட்டீங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, ஊருக்குள்ள தார் கனம் 120-னு இருக்குற இடத்துல ஆழத்தைக் கூட்டிட்டா வெட்மிக்ஸை கிள்ளிடுவீங்க, அதனால கோர் கனத்தை வச்சு துண்டு துண்டா ஆழம் குடுங்க.

வாய்க்கால் ஓரத் துண்டுக்கு எஃப்டிஆர். ஆனா களிமண் ஏறியிருக்குங்கிறீங்க, நேரா சிமெண்ட்டைக் கொட்டாதீங்க. கலந்த மெட்டீரியலோட பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ் (களித்தன்மை அளவு) எடுங்க, 10-க்கு மேல போச்சுன்னா சுண்ணாம்பு முதல்ல வேணும். சிமெண்ட்டும் தண்ணியும் சேந்ததுலேருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள ரோலிங் முடியணும், பேட்ஃபுட் ரோலர், கிரேடர், ஸ்மூத் ரோலர், பிடிஆர் (டயர் ரோலர்) எல்லாம் மெஷினுக்குப் பின்னாடியே நிக்கணும், ஒண்ணு ரிப்பேர்னா அன்னைக்கு வேலை கிடையாது. உத்தரப் பிரதேசத்துல பிஎம்ஜிஎஸ்ஒய் (பிரதமர் கிராமச் சாலைத் திட்டம்) மூணாம் கட்டத்துல கிராம ரோடுகள் நிறைய இப்படி சிமெண்ட் எஃப்டிஆர்ல போட்டாங்க, அங்க மேல ஒரு சாமி (SAMI) லேயர் போட்டு அதுக்கு மேல மெல்லிசா பிசி (மேல்தளத் தார்க்கலவை). அந்த சாமி லேயரை விட்டுடாதீங்க, சிமெண்ட் லேயர் சுருங்கி வெடிக்கத்தான் செய்யும், அந்த வெடிப்பு மேல வராம தடுக்குறது அதுதான். போட்டு ஒண்ணு ரெண்டு நாள்ல வைப்ரேட்டரி ரோலரை மெதுவா ரெண்டு மூணு பாஸ் ஓட்டி மயிர்க்கோடு மாதிரி சின்னச் சின்ன விரிசலா விழ வைக்குற முறை டெக்சாஸ்ல பழக்கம், அப்படிச் செஞ்சா பெரிய வெடிப்பு வராது. உங்க இன்ஜினியர் இன் சார்ஜ் ஒத்துக்கிட்டா செய்யுங்க. அதிக ஸ்ட்ரெங்த் வந்தா நல்லதுன்னும் நினைக்காதீங்க, ஐஆர்சில சிமெண்ட் பேஸுக்கு 4.5-லேருந்து 7 மெகாபாஸ்கல், 10 வந்துச்சுன்னு பெருமைப்பட்டா அடுத்த கோடையில கட்டம் கட்டமா வெடிச்சு நிக்கும்.

எல்லாத்துக்கும் மேல அந்த வாய்க்கால். தண்ணி மட்டம் சப்கிரேடை (ரோட்டுக்கு அடி மண்ணை) தொடுதுன்னா நீங்க தங்கத்தை அரைச்சுப் போட்டாலும் நிக்காது. வாய்க்கால் ஓரத்துக்கு ரிட்டெய்னிங் வால், ஷோல்டருக்கு அடியில தண்ணி வெளியேற வழி, இது எஸ்டிமேட்ல இல்லேன்னா எஃப்டிஆரையே தள்ளிப்போடுங்க.

கிழக்குக்கரை எழுதியது:

வாய்க்கால் வேலையை எஸ்டிமேட்ல சேக்கச் சொல்லி நோட் எழுதிட்டேன், நீர்வளத்துறை கூட சேந்து பாக்கணும், மேட்டூர் தண்ணி வாய்க்கால்ல வந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது. சம்பா அறுவடை லாரி ஓடி முடிஞ்சதும் ஆரம்பிச்சு தண்ணி திறக்குறதுக்கு முன்னாடி முடிக்கணும், அதுதான் எங்களுக்குக் கிடைக்குற வெயில் காலம். கன்சல்டன்ட்கிட்ட ரெண்டு பிரிவா டிசைன் கேட்டிருக்கேன், அவரும் கோர் போட்டோ பாத்ததும் ஒத்துக்கிட்டார். பழையகான்ட்ராக்ட் அண்ணன் சொன்ன டிஃபெக்ட் லயபிலிட்டி பயத்துக்காக முதல்ல ஒரு டிரயல் ஸ்டிரெட்ச் போடப் போறோம். லேப்மேஜை மேடம், டிரயல்ல எதை எதைப் பதிவு பண்ணணும்?

லேப்மேஜை எழுதியது:

மெஷின் எவ்வளவு வேகத்துல போச்சு, அந்த வேகத்துல ராப் எந்த சைஸ்ல வந்துச்சு, இதுதான் முதல். வேகமா போனா பாளம் பாளமா வரும், லேப்ல நாம டிசைன் பண்ணின கிரேடிங்கும் சைட்ல வர்றதும் வேற வேற ஆயிடும். அதனால மெஷின் பின்னாடி இருந்து சாம்பிள் அள்ளி சல்லடை போடுங்க, காலைல ஒண்ணு, மதியம் ஒண்ணு, ஏன்னா வெயில் ஏற ஏற தார் இளகி அரைபடுற விதமே மாறும். ஈரப்பதம், பிட்டுமென் சூடு, பொங்கு அளவு, டேங்கர்ல எத்தனை டன் தீந்துச்சு அத்தனைக்கு எத்தனை சதுர மீட்டர் போச்சு, இதைக் கம்ப்யூட்டர் காட்டுற நம்பரோட ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டு பாஸ் சேர்ற இடத்துல 100, 150 மி.மீ மேல்சேர்க்கை இருக்கணும், அந்த ஜாயின்ட் வீல் பாத்துக்கு நேரா விழக்கூடாது. டென்சிட்டியை மேலாப்புல மட்டும் பாக்காம லேயர் அடியிலயும் பாருங்க. ஒரு வாரம் கழிச்சு கோர் எடுத்துப் பாருங்க, கோர் முழுசா வந்தாத்தான் லேயர் பிடிச்சிருக்குன்னு அர்த்தம், உதிர்ந்து வந்தா இன்னும் ஈரம் போகல, மேல் லேயரை நிறுத்தி வைங்க.

அந்த டிரயலை வாய்க்கால் ஓரத்துலயும் கொஞ்சம் போடுங்க தம்பி. நல்ல இடத்துல மட்டும் டிரயல் போட்டுட்டு பாஸ் ஆயிடுச்சுன்னு எழுதக்கூடாது. ரிசல்ட் வந்ததும் ஊறவச்ச ஐடிஎஸ் நம்பரை இங்க போடுங்க, நானும் பாக்குறேன்.